புரட்டாசியில் ஊருக்கு வரும் பறவைகளும் விளக்கடிக்கு வரும் விட்டில்களும்

காலாண்டு விடுமுறைக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு கோவில்பட்டிப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதாகவும், பத்து நாள் அங்கே தங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "இலையுதிர்காலம் தொடங்கும்போது நம் கிராமங்களில் என்னென்ன பறவைகள் தென்படும்? ராத்திரி லைட்டைச் சுற்றும் பூச்சிகளுக்குப் பெயர் உண்டா? இரண்டையும் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கரிசல் காட்டில் பல வருடங்களாக இந்த மாதங்களில் காலையிலும் ராத்திரியிலும் திரிந்துகொண்டிருப்பவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 'இலையுதிர்காலம்' என்ற சொல். அது பாடப்புத்தகத்தில் குளிர்நாட்டுப் பருவத்துக்கு வைத்த பெயர். நம் பக்கம் வேம்பும் அரசும் புங்கையும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். புரட்டாசியில் இங்கே நடப்பது நேர் எதிரானது. காய்ந்து கிடந்த கரிசல், ஒரு மழை விழுந்ததும் பச்சை பிடிக்கத் தொடங்கும். நம் பழைய கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். நீங்கள் போகிற நாட்கள் காரின் கடைசி. மகளிடம் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் பறவைகள் வருவதற்கான காரணமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இலை உதிரத் தொடங்கும்போது புழு பூச்சி குறைந்துவிடும். அதே நேரத்தில் நம் ஊரில் மழை தொடங்கி, புழு பூச்சி பெருகும். குளிருக்குப் பயந்து பறவை ஓடி வருகிறது என்று பலரும் சொல்வதைவிட, தீனியைத் தேடி வருகிறது என்று சொன்னால்தான் சரி. அந்தத் தீனியில் பெரும்பங்கு விட்டில்களும் அவற்றின் புழுக்களும். எனவே உங்கள் இரண்டு கேள்விகளையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன்.

வந்து சேரும் பறவைகளில் முதலில் காதில் விழுவது பழுப்புக் கீச்சான். பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும். வேலிக்கருவேல் உச்சியிலோ உடைமரத்திலோ இருந்துகொண்டு கரகரவென்று, கோபமாகத் திட்டுவது போல ஒரு சத்தம் போடும். நேற்றுவரை அந்தச் சத்தம் அங்கே இருந்திருக்காது. மைனாவைவிடச் சிறியது, மேலே பழுப்பு, கீழே வெளிறிய நிறம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை கட்டியது போல ஒரு கோடு. அலகின் நுனி வல்லூறுக்கு இருப்பது போலக் கொக்கியாக வளைந்திருக்கும். சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வந்து இறங்கிய உடனேயே, "இந்த வேலி என்னுடையது" என்று மற்றக் கீச்சான்களுக்கு அறிவிப்பதுதான் அந்தச் சத்தம். அதன் பிறகு சித்திரை வரை அந்த வேலியை விட்டு அநேகமாக நகராது. கீச்சான் இனம் பிடித்த வெட்டுக்கிளியையும் விட்டிலையும் சில சமயம் முள்ளில் குத்திவைத்துக் கிழித்துத் தின்னும். அந்த மரத்தடியில் முள்ளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

நான் ஒவ்வொரு வருடமும் முதல் கீச்சான் சத்தத்தைக் கேட்ட தேதியைக் குறித்துவைக்கிறேன். எனக்குப் புரட்டாசி பிறப்பது அன்றைக்குத்தான்.

அடுத்து வாலாட்டிகள். கண்மாய்க்கரை, வயல் வரப்பு, பம்புசெட் தொட்டி என்று ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும். நம் ஊரிலேயே வருடம் முழுக்க இருக்கும் கறுப்பு வெள்ளை வாலாட்டி ஒன்று உண்டு. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் இருந்தால் அது வெண்புருவ வாலாட்டி, விருந்தாளி இல்லை. மஞ்சள் வாலாட்டியும் சாம்பல் வாலாட்டியும் வெளியிலிருந்து வருபவை. சாம்பல் வாலாட்டி மலையடி ஓடைகளைத்தான் விரும்பும், போகிற வழியில் சமவெளியிலும் ஓரிரு நாள் தங்கும். இதைப் பற்றி நான் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி மும்பையில் தன் வீட்டுப் புல்தரையில் ஒரு சாம்பல் வாலாட்டிக்குக் காலில் வளையம் மாட்டி விட்டார். அடுத்தடுத்த சில வருடங்கள் அதே பறவை அதே புல்தரைக்குத் திரும்பி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் உயிர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டு ஒரு வீட்டு வாசலை மறக்காமல் வந்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. உங்கள் அம்மா வீட்டுக் கண்மாயில் இந்த வருடம் பார்க்கும் வாலாட்டியும் போன வருடம் வந்ததாகவே இருக்கலாம்.

ரோட்டோரம் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை தகைவிலான்கள். நீலம் மின்னும் கறுப்பு முதுகு, செம்பழுப்புத் தொண்டை, பிளந்த வால். இவற்றைப் பனை உழவாரனோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. உழவாரனின் கால் கம்பியைப் பிடித்து உட்காருவதற்கு ஆகாது. அது பறக்கும், இல்லையென்றால் பனையோலையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கம்பியில் உட்கார்ந்திருந்தால் தகைவிலான், பனையைச் சுற்றி அரிவாள் போன்ற சிறகோடு வட்டமடித்தால் உழவாரன். உழவாரன் நம் ஊர்க்காரன். பனை இருக்கும்வரை இருப்பான்.

அதே கம்பியில் பஞ்சுருட்டானும் இருக்கும். வருடம் முழுக்க இருப்பது சின்னப் பச்சைப் பஞ்சுருட்டான். இந்த மாதத்தில் அதைவிடப் பெரிய நீலவால் பஞ்சுருட்டான் கூட்டமாக வரும். வானத்தில் உயரத்தில் உருளும் மணி போன்ற குரல் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் தெரியும். அவை வரும் நேரமும் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் நேரமும் ஒன்று. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மஞ்சள் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். மாலத்தீவில் அக்டோபரில் திடீரென்று லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்திறங்குவதை வருடக்கணக்காகக் கவனித்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். பறவை மட்டும்தான் வலசை போகும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது. சரி, தட்டான் உங்கள் கேள்வியில் இல்லை, மேலே போகிறேன்.

சோளமும் கம்பும் இன்னும் விதைக்கும் காடுகள் இருந்தால் சூறைக்குருவிகளைப் பார்க்கலாம். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். மைனா அளவு, உடல் இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு. இளம்பறவைகள் மட்டும் மண் நிறத்தில் இருக்கும். மத்திய ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. கதிரைத் தின்பதால் விவசாயிகளுக்கு இவற்றின் மேல் கோபம் உண்டு, ஆனால் வெட்டுக்கிளியைத் தின்று தீர்ப்பதும் இவைதான். அக்டோபர் தொடங்கினால், தரிசுக்கு மேல் தாழ்வாக, சிறகை வி வடிவில் தூக்கிவைத்துக்கொண்டு மிதக்கும் பூனைப்பருந்தும் ஒன்றிரண்டு வரும். பனங்காடை நம் ஊர்ப் பறவைதான். கம்பத்தில் மந்தமாக உட்கார்ந்திருக்கும்போது அழுக்குப் பழுப்பாகத் தெரியும், பறந்தால்தான் அந்த நீலம் விரியும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கக் குறைந்துவரும் பறவைகளில் ஒன்றாகப் பனங்காடையைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தது. அதைப் படித்த பிறகு ஒரு பனங்காடையையும் நான் நிற்காமல் கடந்து போனதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பறவை. ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்று இரண்டு பெயர். காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். அதனால் முதல் பெயர். மற்ற நேரத்தில் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு சத்தமே இல்லாமல் ஒளிந்து நடக்கும், அதனால் இரண்டாவது. வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குட்டை. பச்சை முதுகு, வெளிர் மஞ்சள் வயிறு, வாலடியில் ரத்தச் சிவப்பு, தோளில் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது.

இது பறப்பது ராத்திரியில். நீண்ட தூரம் வந்த களைப்பிலும் ஊர் வெளிச்சத்தில் குழம்பியும் வீட்டுக்குள் புகுந்துவிடும், அல்லது ஜன்னல் கண்ணாடியில் மோதி வாசலில் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் "கலர் கலராக ஒரு குருவி விழுந்து கிடக்கிறது" என்று யாராவது எனக்குப் போன் செய்கிறார்கள். உங்கள் வீட்டிலும் நடந்தால் இப்படிச் செய்யுங்கள். காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத நிழலில் வைத்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும். சோறும் வேண்டாம். அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் அதற்குப் பெரிய பயம். ஓரிரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் அசைவு கேட்டால், காக்கை இல்லாத, புதர் இருக்கும் இடமாகப் பார்த்துத் திறந்து விடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். என் கையால் விட்ட மூன்று ஆறுமணிக்குருவிகள் எழுந்து போன திசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கிணற்று மேட்டில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கினால் அவற்றையும் பாருங்கள். பாதி முடைந்து, தலைக்கவசம் கவிழ்த்தது போல நிற்கும் கூடுகளைக் கவனியுங்கள். ஆண் அதுவரை கட்டி நிறுத்திவிட்டுப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதிக் கூடு. கூட்டுக்குள் களிமண் உருண்டை இருப்பது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்பது அழகான கதை மட்டுமே.

சரி, இப்போது ராத்திரிக்கு வருவோம்.

விட்டில், அந்து என்று நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. அரிசி டப்பாவைத் திறந்தால் பறக்குமே, அது அந்து. விளக்கில் வந்து விழுவது விட்டில். சில ஊர்களில் வெட்டுக்கிளியையும் விட்டில் என்பார்கள், அதனால் புத்தகங்களில் அந்துப்பூச்சி என்றே பொதுவாக எழுதுகிறார்கள். வண்ணத்துப்பூச்சியிலிருந்து பிரித்துப் பார்க்க உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு நுனியில் தீக்குச்சித் தலை போல உருண்டிருக்கும். விட்டிலுக்கு நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். இந்தியாவில் பறவை இனங்கள் 1,300 சொச்சம் என்றால், விட்டில் இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேலே. அதனால் எல்லாவற்றுக்கும் பெயர் தெரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், பாதிக்கு மேல் தமிழில் பெயரே கிடையாது. மகள் வைக்கும் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

பார்ப்பதற்குச் செலவே இல்லை. மொட்டை மாடியிலோ கொல்லையிலோ கொடிக்கயிறு கட்டி, ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஒரு பல்பு. நிலா இல்லாத ராத்திரி நல்லது. விடுமுறையை ஒட்டி மகாளய அமாவாசை வந்தால் அந்த ராத்திரியை விட்டுவிடாதீர்கள். காற்றில்லாமல் புழுக்கமாக, முந்தின நாள் ஒரு தூறலும் விழுந்திருந்தால் எட்டு மணிக்குள் வேட்டி நிறைந்துவிடும்.

விட்டில் ஏன் விளக்குக்கு வருகிறது என்று மகள் நிச்சயம் கேட்பாள். ஆசைப்பட்டு வந்து சாகிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வந்தோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், அதிவேகக் கேமரா வைத்துப் படம் பிடித்து வேறு விளக்கம் சொன்னார்கள். பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கம் வைத்துக்கொள்ளும். ராத்திரியில் வானம்தான் வெளிச்சமான பக்கம் என்பதால், முதுகு அந்தப் பக்கம் இருந்தால் நேராகப் பறக்கிறோம் என்று அதற்குத் தெரியும். நடுவில் நாம் ஒரு பல்பை மாட்டினால், அதை வானம் என்று எண்ணி முதுகை அதன் பக்கம் திருப்புகிறது. திருப்பத் திருப்ப வட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆசையினால் வந்து விழவில்லை, மேலும் கீழும் தெரியாமல் தவிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் பத்தரை மணிக்கு மேல் விளக்கை எரியவிடுவதில்லை. நீங்களும் அணைத்துவிடுங்கள்.

வேட்டியில் உட்காரும் குட்டிப் பூச்சிகளுக்கு நடுவே, திடீரென்று ஒரு சிட்டுக்குருவி மோதியது போலத் தொப்பென்று ஒன்று வந்து விழும். அது பருந்து விட்டில் இனம். உடல் விரல் தடிமன், சிறகு ஒடுங்கி நீண்டிருக்கும், பறப்பதில் மகா வேகம். அதில் அரளி விட்டிலைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பச்சையும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் பளிங்குக் கல்லில் ஓடுவது போலக் கலந்திருக்கும். அதன் புழுவைப் பகலிலேயே தேடலாம். அரளிச்செடியிலோ நந்தியாவட்டையிலோ இலைகள் நடுநரம்பு வரை தின்னப்பட்டு, கீழே மிளகு அளவு எச்சம் கிடந்தால் மேலே எங்கோ இருக்கிறது. பச்சை நிறம், விரல் நீளம். மெதுவாகத் தொட்டால் தலையை உள்ளிழுத்து முன்பக்கத்தை உப்பவைக்கும். அப்போது இரண்டு நீலக்கண்கள் முழித்துப் பார்க்கும். அவை கண்களே அல்ல, பறவையை மிரட்ட வைத்திருக்கும் புள்ளிகள். அரளிப் பால் விஷம் என்பதால் செடியைத் தொட்ட கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.

வீட்டில் பவளமல்லி இருந்தால் பொழுது சாய்ந்து அதன் அருகே நில்லுங்கள். இருட்டியதும் விரிந்து, விடியும்போது உதிர்ந்துவிடும் பூ அது. வெள்ளை நிறமும் வாசமும் நீண்ட குழலும் பருந்து விட்டிலுக்காகவே அமைந்தவை. சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும். பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதிலும் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. கொல்லையில் காய்க்கும் பப்பாளிக்கு ராத்திரியில் வந்து போனது யார் என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

எள் விதைத்த காடு பக்கத்தில் இருந்தால் முதுகில் மண்டையோடு வரைந்தது போன்ற ஒரு பெரிய விட்டிலும் வரலாம். எள் இலையில் வளரும் புழு அது. வளர்ந்த பூச்சி தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் திருடும். கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். ஊரில் இதைப் பார்த்தால் கெட்ட சகுனம் என்று அடித்துவிடுகிறார்கள். அதற்குக் கொட்டவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. தயவுசெய்து அடிக்க விடாதீர்கள்.

எல்லா விட்டிலும் இப்படிச் சாது என்று சொல்ல மாட்டேன். செவல் காட்டில் நிலக்கடலை போடுகிறவர்களிடம் சிவப்புக் கம்பளிப்புழுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் தூங்கும். நல்ல மழை ஒன்று பெய்த இரண்டு மூன்று நாளில், சொல்லி வைத்தது போல ஒரே ராத்திரியில் வெள்ளைச் சிறகு விட்டில்களாக மொத்தமாக வெளியே வரும். அடுத்த வாரம் புழுக்கள் படையாகக் காடு விட்டுக் காடு நடக்கும். அந்த ராத்திரிகளில் வரப்பில் தீ மூட்டியும் விளக்குப்பொறி வைத்தும் விட்டிலை அழிப்பது பழைய வழக்கம். ஆனால் அதற்கும் முன்னாலேயே ஒரு வேலை நடந்திருக்கும். கோடை உழவில் புரட்டிப்போட்ட கட்டியிலிருந்து கூட்டுப்புழுக்கள் வெளியே கிடக்க, ஏருக்குப் பின்னாலேயே கொக்கும் மைனாவும் கரிச்சானும் நடந்து பொறுக்கியிருக்கும். டிராக்டருக்குப் பின்னாலும் இன்றைக்கும் நடக்கின்றன.

கரிச்சான்தான், அதாவது நம் இரட்டைவால் குருவி, காட்டுக்காரனுக்கு மிகவும் உதவும் பறவை என்பது என் எண்ணம். வேளாண்மைத் துறையே வயலில் டி வடிவக் குச்சிகளை நடச் சொல்கிறது. பறவைத் தாங்கி என்று பெயர். கரிச்சான் அதில் உட்கார்ந்து, கீழே அசையும் புழுவையும் எழும்பும் விட்டிலையும் நாள் முழுக்கப் பிடிக்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம். அதில் விழும் படைப்புழு அமெரிக்கக் கண்டத்து விட்டிலின் புழு. இந்தியாவில் முதலில் தென்பட்டது 2018இல் கர்நாடகத்தில். அதே வருடம் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து மக்காச்சோளத்தை அழித்ததை நான் நேரில் பார்த்தேன். அதன் தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து போல ஒரு வெள்ளைக் கோடும், பின்பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். அந்த வருடத்துக்குப் பிறகு மருந்தடிப்பது கூடியது. மருந்தடித்த காட்டில் மறுநாள் கரிச்சான் இருப்பதில்லை, அதற்கு அங்கே தின்ன எதுவும் இல்லை. கடன் வாங்கி விதைத்தவரிடம் மருந்தடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு பறவைத் தாங்கியும் நடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். சிலர் நட்டிருக்கிறார்கள்.

முருங்கை மரத்தைச் சொல்லாமல் விட முடியாது. மழை தொடங்கியதும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் போர்வை போல அப்பிக்கொள்ளும். வீட்டில் தீப்பந்தம் கட்டிக் காட்டுவார்கள். உடம்பில் பட்டால் தடித்துப்போகும் என்பதால் மற்றப் பறவைகள் பெரும்பாலும் அதன் அருகே போகாது. சுடலைக்குயில் போகும். கொண்டை வைத்த, கறுப்பு வெள்ளைப் பறவை அது. புழுவை அலகில் கவ்வி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி உள்ளே இருப்பதைப் பிதுக்கிவிட்டு, ரோமத்தோடு விழுங்கிவிடும். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும் குயில்களில் இதுவும் ஒன்று. முருங்கையில் கம்பளிப்பூச்சி தெரிந்தால், தீப்பந்தத்துக்கு முன்னால் ஒருநாள் பொறுத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

ராத்திரியில் விட்டிலைத் தின்னும் பறவையும் உண்டு. பக்கி என்பார்கள். ஊர் எல்லை தாண்டிய மண் ரோட்டில் பைக் வெளிச்சம் படும்போது இரண்டு கண்கள் தணல் போல மின்னினால் அது பக்கி. அலகு சிறியது, வாய் காது வரை பிளக்கும். பறந்தபடியே விட்டிலை அள்ளிக்கொள்ளும். கல்லில் கோலிக்குண்டைப் போட்டது போல டக், டக், டக் என்று ஆரம்பித்து வேகமாகி முடியும் குரல். ரோட்டில் உட்காரும் பழக்கத்தாலேயே வண்டியில் அடிபட்டுச் சாகிறது. மெதுவாகப் போங்கள்.

பத்து நாளில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் நான் சொல்வது இது. விடியற்காலை ஐந்தரைக்கு மகளை எழுப்பி, ஊர் எல்லையில் இருக்கும் கடைசித் தெருவிளக்குக் கம்பத்துக்குக் கூட்டிப்போங்கள். பக்கத்தில் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்கச் சுற்றிய விட்டில்கள் சுவரிலும் கம்பத்திலும் தரையிலும் ஒட்டிக் கிடக்கும். வெளிச்சம் வருவதற்கு முன்பே கரிச்சான் வந்துவிடும். இருட்டோடு இருட்டாகப் பிடிக்கத் தொடங்குவது அதுதான். அப்புறம் குண்டுகரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி. தரையில் விழுந்ததை அணில் எடுக்கும். ஆறு மணிக்குள் சுவர் சுத்தமாகிவிடும். சிறகுகள் மட்டும் கீழே உதிர்ந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கி நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள், எது எதைத் தின்றது என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு கிடையாது. உங்கள் வேட்டியில் தங்கிய விட்டில்களை மட்டும் விடிவதற்கு முன் ஒரு புதருக்குள் உதறிவிடுங்கள். அவற்றை நாம் கூப்பிட்டோம், பறவைக்குத் தீனியாகவும் நாமே வைக்கக் கூடாது.

பெரிய மழை பெய்துவிட்டால் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும், அன்றைக்கு விளக்கடிக்குப் போக வேண்டியதில்லை. ஒரு புற்றைப் பார்த்து இருபதடி தள்ளி உட்கார்ந்தால் போதும். பஞ்சுருட்டான், தகைவிலான், உழவாரன், கரிச்சான், பனங்காடை, காக்கை, மேலே பருந்து வரை நான் இதுவரை எழுதிய பறவைகளில் பாதி அந்த ஒரு புற்றுக்கு மேல் வந்துவிடும். குடை எடுத்துக்கொள்ளுங்கள், பைனாகுலர் இல்லையென்றாலும் பரவாயில்லை. பார்த்ததைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள், எந்தப் பறவை என்று புரியாவிட்டால் அது உட்கார்ந்திருந்த இடத்தையும் போட்ட சத்தத்தையும் எழுதினால் போதும், நான் சொல்லிவிடுவேன்.